புல்லை உரித்தெடுத்த சீரமைப்பு: பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் மைதானம்

பழைய கோல்ஃப் மைதானத்தைச் சீரமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால், கிளப் கமிட்டியில் முதலில் வரும் கேள்வி புதிதாக என்ன போடலாம் என்பதுதான். புது ரகப் புல், கூடுதல் ஸ்பிரிங்க்ளர், இன்னும் நாலு பங்கர் (மணற்குழி), ஓரத்தில் மரவரிசை. நூறு ஆண்டு கண்ட மைதானத்தில் இதற்கு முன் வந்த கமிட்டிகளும் இப்படித்தான் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். முதலில் வடிவமைத்தவரின் வேலை அதற்கெல்லாம் அடியில் புதைந்து கிடக்கும். அதை எப்படித் தேடுவது, எதை உரித்தெடுப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள, அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் நடந்த வேலை ஒரு நல்ல பாடம்.

பாஸ்டனைச் சேர்ந்த சோடா ஃபவுண்டன் தொழிலதிபர் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் 1895ல் அங்கே நிலம் வாங்கியபோது, அது பைன் மரங்களை வெட்டி மொட்டையடித்த மணல்காடு. 1900ல், பின்னாளில் இந்த மைதானத்தை வடிவமைத்த டொனால்ட் ராஸ் வேலைக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊர்க்காரர். கடலோர மணல்மேட்டில், பந்து உருண்டோடும் இறுகிய தரையில் ஆட்டம் பழகியவர். இரண்டாம் எண் மைதானம் 1907ல் 18 குழிகளோடு திறந்தது. வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் வழக்கம் இந்த மைதானத்தைப் பொறுத்தவரை ராஸிடம் இல்லை. மூன்றாம் கிரீனுக்கு (குழி இருக்கும் தளம்) பின்னாலேயே வீடு கட்டிக் குடியிருந்து, 1948ல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் கிரீன்கள் புல்லே இல்லாத மணல் தளங்கள். 1936ல் அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வருவதற்குச் சற்று முன்புதான் பெர்முடா புல் கிரீன்கள் வந்தன. ஆகவே "1907ல் இருந்தபடி மீட்போம்" என்று யாராவது சொன்னால், அது இன்று யாரும் ஆட விரும்பாத மைதானமாக இருக்கும். எந்த ஆண்டின் நிலைக்குத் திரும்புவது என்பதை முடிவு செய்யாமல் மண்வெட்டியைத் தொடவே கூடாது.

1970ன் இறுதியில் டஃப்ட்ஸ் குடும்பத்திடமிருந்து இடம் கைமாறியது. தொலைக்காட்சியில் பார்த்த பச்சையை எல்லாரும் எதிர்பார்த்த காலம் அது. மணலும், ஊசிபோல் இலை நீட்டும் வயர்கிராஸ் புதர்களும், உதிர்ந்த பைன் சருகும் கிடந்த ஓரங்கள் முழுக்க பெர்முடா புல் ஏறியது. ஃபேர்வேக்கள் (பந்தை அடித்துச் செல்லும் நடுப் புல்வெளி) குறுகின, இரு பக்கமும் ரஃப் எனும் அடர்ந்த நீளப் புல் வளர்ந்தது. ஸ்பிரிங்க்ளர் தலைகள் 1,150 வரை பெருகின. 1999, 2005 யு.எஸ். ஓபன் போட்டிகள் இந்த நிலையில்தான் நடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தப்பிய பந்து ரஃபில் நின்றுவிடும், ஆட்டக்காரர் வெட்டி வெளியே போடுவார், அவ்வளவுதான். பந்து உருண்டு போய் எங்கே நிற்கும், அங்கிருந்து எப்படித் தப்பலாம் என்ற ராஸின் புதிர் காணாமல் போயிருந்தது.

சீரமைப்புப் பொறுப்பு பில் கூர், பென் கிரென்ஷா என்ற மைதான வடிவமைப்பாளர்கள் இருவரிடம் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த முதல் சான்று, 1943 டிசம்பர் 25 அன்று எடுத்த வான்படம். ராஸ் உயிரோடிருந்த காலம், புல் கிரீன்கள் வந்து சில ஆண்டுகள் ஆன நிலை; இதைவிடப் பொருத்தமான தேதி கிடைக்காது. குளிர்காலப் படத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் நீளும், பங்கரின் ஆழமும் மேட்டின் வளைவும் துலங்கும். இப்படிப்பட்ட படத்தை இன்றைய சர்வே மீது பொருத்தும்போது, இரண்டு காலத்திலும் மாறாத புள்ளிகள் ஐந்தாறாவது வேண்டும்: சாலைச் சந்திப்பு, கட்டட மூலை போன்றவை. படத்தின் விளிம்பை நோக்கிப் போகப் போக அளவு திரியும். அதனால் பொருந்திவிட்டது என்று நம்பி நேராகக் குறி போடாமல், ஒவ்வோர் இடத்திலும் தரையில் சரிபார்க்க வேண்டும்.

தரையில் கிடைத்த சான்று இன்னும் உறுதியானது: பழைய தண்ணீர்க் குழாய். ராஸ் காலத்தில் ஒவ்வொரு ஃபேர்வேக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை ஸ்பிரிங்க்ளர்தான். அந்தக் குழாயின் தடம் தெரிந்தால் ஃபேர்வேயின் நடுக்கோடு தெரிந்துவிடும். அதிலிருந்து தண்ணீர் எட்டும் தூரம் வரை புல், அதற்கு அப்பால் மணல். இந்த விளிம்பைச் சற்று உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். ஸ்பிரிங்க்ளர் தலைக்குப் பக்கத்தில் புல் செழித்திருக்கும். விலக விலகத் தண்ணீர் குறையும். புல் மெலியும், வெளுக்கும், திட்டுத்திட்டாகும், கடைசியில் மணலில் கரையும். எந்த இடத்திலும் கத்தியால் வெட்டியது போன்ற கோடு இருக்காது. இந்த மங்கலான ஓரத்தை அறுக்கும் இயந்திரத்தால் உண்டாக்க முடியாது. தண்ணீர்தான் அதை வரைய வேண்டும்.

அதனால்தான் கூரும் கிரென்ஷாவும் குழாயிலேயே தொடங்கினார்கள். சுமார் 700 ஸ்பிரிங்க்ளர் தலைகளைப் பிடுங்கி, ஏறக்குறைய 450 மட்டும் வைத்தார்கள். 35 முதல் 40 ஏக்கர் வரையிலான பெர்முடா ரஃபை உரித்து அகற்றினார்கள். வயர்கிராஸ் நாற்றுகள் 2 லட்சம் அளவில் நடப்பட்டன. ரஃப் என்ற ஒன்றே இல்லாமல் போனதால் புல் வெட்ட இரண்டே உயரம்: கிரீனுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. ஆண்டுக்கு 5.5 கோடி கேலனாக இருந்த தண்ணீர்ச் செலவு 1.5 கோடி கேலனாக இறங்கியது. நம் கணக்கில் சுமார் 20.8 கோடி லிட்டர், 5.7 கோடி லிட்டராக ஆனது. வறட்சி வந்தால் முதல் பழி கோல்ஃப் மைதானத்தின் மேல் விழும் காலத்தில், வேறெந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

ரஃபை எடுத்தால் மைதானம் எளிதாகிவிடும் என்ற பயத்துக்குப் பதில் 2014ல் கிடைத்தது. ஆண்கள் யு.எஸ். ஓபனும் பெண்கள் யு.எஸ். ஓபனும் அடுத்தடுத்த வாரங்களில் அதே மைதானத்தில் நடந்தன. ஆண்களில் மார்ட்டின் கேமர், பார் கணக்குக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) 9 அடி குறைத்து வென்றார். அவரைத் தவிர பாருக்குக் கீழே முடித்தவர்கள் இரண்டே பேர், அதுவும் ஒன்று மட்டும் குறைத்து.

இதைப் பார்த்துவிட்டு "நாமும் ஓரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடலாம்" என்று இறங்கினால் சிக்கல்தான். பைன்ஹர்ஸ்டின் அடித்தளம் ஆழமான மணல்; மழை பெய்த வேகத்தில் இறங்கிவிடும், தரை இறுகியே இருக்கும். களிமண்ணில் இதே வேலையைச் செய்தால் கோடையில் பாளம் வெடிக்கும், மழையில் சேறாகும். இன்னொன்று, பெர்முடா என்பது மண்ணுக்கடியில் தண்டு ஓட்டும் புல். மேல் புல்லைச் சீவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், உள்ளே மிச்சமிருக்கும் துண்டுகளிலிருந்து அடுத்த பருவத்திலேயே கிளம்பிவிடும். உரித்த இடத்தில் குறைந்தது இரண்டு வளர்பருவம் விடாமல் களை எடுக்க ஆள் ஒதுக்க வேண்டும். பட்ஜெட்டில் இந்தக் கூலியை எழுத மறந்துவிடுவார்கள். வயர்கிராஸும் தானாகப் பெருகும் செடி அல்ல. வளர்பருவத்தில் தீ பட்டால்தான் நன்றாகப் பூத்து விதை கட்டும். கிளப் வளாகத்தில் தீ வைக்க முடியாத இடங்களில், செத்த நாற்றுக்கு நாற்று நட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கிரீன்களைக் கூரும் கிரென்ஷாவும் பெரும்பாலும் தொடவில்லை. அந்தப் பொறுமை மெச்சத்தக்கது. பைன்ஹர்ஸ்ட் கிரீன்கள் கவிழ்த்து வைத்த தட்டுப் போல நடுவில் உயர்ந்து விளிம்பில் சரிபவை. அந்த மேடு முழுவதும் ராஸ் செய்ததா, தளத்தைச் சமப்படுத்தப் பல ஆண்டுகளாகத் தூவிய மணலால் ஏறியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படி ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு: 500 சதுர மீட்டர் கிரீனில் 1 மில்லிமீட்டர் மணல் தூவ அரைக் கன மீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட 800 கிலோ. ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக 10 மில்லிமீட்டர் தூவினால் 8 டன். 30 ஆண்டில் ஓர் அடி உயரம்! கண்ணுக்குத் தெரியாமலே ஏறிவிடும்.

உங்கள் மைதானத்தில் என்ன நடந்திருக்கிறது என்று அறிய, அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்களே குத்தூசி, அதே மாதிரி மண் எடுக்கும் குழல் ஒன்று போதும். கிரீன் நடுவில் குத்தினால் தூவிய மணல் அடுக்கடுக்காக வரும். அதற்கு அடியில் நிறம் மாறும் இடம்தான் பழைய தளம். பிறகு கிரீனின் இன்றைய விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக அரை மீட்டருக்கு ஒரு குத்து குத்திக்கொண்டே போங்கள். தூவிய மணல் எங்கே நிற்கிறதோ அதுவரை ஒரு காலத்தில் கிரீன் இருந்திருக்கிறது. பங்கர் பக்கம் மட்டும் ஏமாற வேண்டாம். அங்கே ஆட்டக்காரர்கள் அடித்துத் தெறித்த மணலும் கரையில் படிந்திருக்கும். அதன் துகள் பெரும்பாலும் வேறாக இருக்கும். விரலில் தேய்த்தாலே தெரியும்.

கிரீன் சுருங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. விளிம்பை அறுப்பவர், தப்பித்தவறி வெளிப்புல்லை மொட்டையடித்துவிடக் கூடாது என்று ஒரு விரல் உள்ளே தள்ளி ஓட்டுவார். அடுத்தவர் அந்தக் கோட்டிலிருந்து இன்னொரு விரல். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் 20 ஆண்டில் 1 மீட்டர். 13 மீட்டர் ஆரமுள்ள கிரீன் 12 மீட்டராகும்போது பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு போய்விடும். போவது மூலைகள், குழி வைக்கச் சிறந்த இடங்களும் அவைதான். மிச்சமுள்ள நடுப்பகுதியிலேயே குழியை மாற்றி மாற்றி வைப்பதால் அங்கே காலடி கூடும், மண் இறுகும், புல் நோயில் விழும். பிறகு "புல் ரகம் சரியில்லை" என்று மொத்தக் கிரீனையும் தோண்டச் சொல்வார்கள். தோண்டுவதற்கு முன் விளிம்பை விரித்துப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

மரத்தையும் ஒரு தடவை அண்ணாந்து பார்க்க வேண்டும். பெர்முடா கிரீனுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். காலை வெயிலை மறைக்கும் ஒரு மரவரிசையை விட்டுவிட்டு அடியில் எத்தனை லட்சம் கொட்டினாலும் புல் நிற்காது.

வேலை முடிந்த நாளிலேயே விளிம்பைப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு கிரீனின் ஓரத்தையும் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து அளந்து, கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். விளிம்புக்கு நேர் கீழே, காற்றுத் துளை போடும் இயந்திரத்தின் ஊசி எட்டாத ஆழத்தில், ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிலும் புதையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அறுப்புக் கோடு உள்ளே நகர்ந்திருக்கிறதா என்று உலோகம் தேடும் கருவியை ஓட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.