பதின்மூன்று வரிப் பட்டியலும் ஒரு லூப்பும்

பெங்களூரில் முகவரி எழுதுகிறவர்களுக்கு ரோம எண்கள் புதிதல்ல. ஜெயநகர் நான்காம் பிளாக் என்பதை ‘ஐவி பிளாக்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பனசங்கரி மூன்றாம் ஸ்டேஜுக்கு மூன்று குச்சிகள் போட்டால் போதும். ஜெயநகரில் பிளாக் எண்கள் ஒன்பதோடு முடிந்துவிடுகின்றன, அதனால் ‘ஐஎக்ஸ்’ தாண்டிப் போக வேண்டிய அவசியம் நம்மில் பலருக்கு வருவதில்லை. கோடிங் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்களுக்கு வரும். 1 முதல் 3999 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் ரோம எண்ணாக மாற்றும் புரோகிராம் எழுது என்பது தொடக்கநிலைப் பயிற்சிகளில் தவறாமல் வரும் கணக்கு.

அலசூரில் சனிக்கிழமைகளில் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைச் சொல்லிக்கொடுக்கும்போது நானும் இதைத்தான் கொடுக்கிறேன். ஒரு விதியைக் கட்டளையாக எழுதுவதா, பட்டியலாக எழுதி வைப்பதா என்ற கேள்வியை இவ்வளவு பளிச்சென்று காட்டுகிற சின்னக் கணக்கு வேறு இல்லை என்று நம்புகிறேன்.

முதலில் விதி. ரோம எழுத்துகளை இங்கே நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். ஐ என்றால் 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. பெரியதை முதலில் எழுதி, சிறியதைப் பின்னால் அடுக்கினால் கூட்டல். எக்ஸ்விஐ என்றால் 10, 5, 1, ஆக 16. சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழித்தல். ஐவி 4, எக்ஸ்எல் 40. இந்தக் கழித்தல் வடிவங்கள் மொத்தம் ஆறுதான்: 4, 9, 40, 90, 400, 900.

வகுப்பில் பெரும்பாலும் எல்லோரும் முதலில் எழுதுவது இஃப் மேல் இஃப், அதாவது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற கட்டளைகள். பியுசி படிக்கும் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, நாலுக்கும் ஒன்பதுக்கும் தனித்தனியா இஃப் போட்டுட்டேன். சரியா வருது. ஆனா நாப்பது குடுத்தா நாலு எக்ஸ் வருது.”

“அப்போ நாப்பதுக்கும் ஒரு இஃப் போடுவியா?”

“போட்டா தொண்ணூறு, நானூறு, தொள்ளாயிரம்னு போய்க்கிட்டே இருக்குமே அக்கா.”

அவளுடைய எரிச்சல் முழுக்க நியாயமானது. 4, 40, 400 மூன்றும் ஒரே விதிதான். அதை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதும்போது கை வலிக்கிறது, பிழையும் சேருகிறது. அந்த ஆறு கழித்தல் வடிவங்களையும் விதிவிலக்கு என்று பார்ப்பதால் வரும் வினை இது. அவற்றையும் தனிக் குறிகளாகவே எடுத்துக்கொண்டால் என்ன? ‘சிஎம்’ என்பது 900-க்கான ஒரே குறி என்று வைத்துக்கொள்வோம். ஏழு எழுத்து, ஆறு ஜோடி, மொத்தம் 13 குறிகள். பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கினால்:

1000 எம், 900 சிஎம், 500 டி, 400 சிடி,
100 சி, 90 எக்ஸ்சி, 50 எல், 40 எக்ஸ்எல்,
10 எக்ஸ், 9 ஐஎக்ஸ், 5 வி, 4 ஐவி, 1 ஐ

இனி புரோகிராமில் கழித்தல் வடிவங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். கீழே ‘சரம்’ என்பது எழுத்துகளின் கோர்வை.

விடை = வெறும் சரம்
பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் குறிக்கும்:
    எண் அந்த மதிப்பைவிடக் குறையாமல் இருக்கும்வரை:
        விடையின் கடைசியில் குறியை ஒட்டு
        எண்ணிலிருந்து மதிப்பைக் கழி
விடையைத் திருப்பிக் கொடு

பைத்தான் 3-இல் மதிப்புகளைப் பிடித்துவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘எண்’, ‘விடை’, ‘மதிப்பு’, ‘குறி’ என்று அப்படியே தட்டினால் ஓடும்.

1994-ஐக் கொடுத்துப் பார்ப்போம். 1000 அடங்கும், எம் ஒட்டினோம், மீதி 994. இன்னொரு 1000 அடங்காது. 900 அடங்கும், சிஎம், மீதி 94. 500, 400, 100 மூன்றும் பெரியவை, தாண்டிப் போகிறோம். 90 அடங்கும், எக்ஸ்சி, மீதி 4. 50, 40, 10, 9, 5 எதுவும் அடங்காது. 4 அடங்கும், ஐவி, மீதி 0. விடை எம்-சிஎம்-எக்ஸ்சி-ஐவி.

கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுப்பதும் இப்படித்தான். 380 ரூபாய் திருப்பித் தர வேண்டுமென்றால் முதலில் அதில் அடங்கும் மிகப் பெரிய நோட்டு, 200. அப்புறம் 100, 50, 20, 10. இந்த முறைக்குக் கிரீடி அல்காரிதம் என்று பெயர். நம் ரூபாய் நோட்டு வரிசைக்கு இது எப்போதும் குறைந்த எண்ணிக்கையில் முடியும். எல்லா வரிசைக்கும் முடியாது. 1, 3, 4 என்று மூன்றே நாணயங்கள் உள்ள நாட்டில் 6 ரூபாய் கொடுக்க, கிரீடி முறை 4, 1, 1 என்று மூன்று நாணயம் எடுக்கும். இரண்டு 3 போதும் என்பது அதற்குத் தெரியாது.

ரோம எண்களுக்கு மட்டும் எப்படிப் பிசகாமல் வருகிறது? இங்கேதான் பட்டியலின் அழகு. ஆயிரங்களை எடுத்த பிறகு மீதி அதிகபட்சம் 999. அது 900 அல்லது அதற்கு மேல் என்றால் சிஎம் எடுத்ததும் மீதி 99-ஐத் தாண்டாது, ஆகவே டி, சிடி, சி எதுவும் பின்னால் வர வழியில்லை. 500 முதல் 899 வரை என்றால் டி எடுத்ததும் மீதி 399 வரைதான், அதனால் டி-க்குப் பின்னால் சிடி வராது, சி மூன்று முறைக்கு மேல் வராது. 400 முதல் 499 வரை என்றால் சிடி எடுத்ததும் முடிந்தது. பத்துக்கும் ஒன்றுக்கும் இதே கதை. ‘ஒரே எழுத்தை நான்கு முறை எழுதாதே’ என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. அடுக்கிய வரிசையே அதைப் பார்த்துக்கொள்கிறது.

அந்த வரிசையை ஒருமுறை வேண்டுமென்றே கலைத்துப் பாருங்கள். 500-ஐ 900-க்கு மேலே வைத்தால் 900-க்கு டிசிடி என்று வரும். 1-ஐத் தலையில் வைத்தால் 1994 குச்சிகள் வந்து விழும். இரண்டிலும் கூட்டுத்தொகை சரிதான், எழுதிய முறைதான் தவறு.

லூப்பிலும், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் அந்த வரிகளிலும், ஒரு பொறி இருக்கிறது. உள்ளே ‘இருக்கும்வரை’ என்பதற்குப் பதிலாக ‘இருந்தால்’ என்று எழுதிவிட்டால், அதாவது வைலுக்குப் பதில் இஃப் போட்டால், 1, 4, 5, 9, 10, 1994 எல்லாமே சரியாக வரும். 2 கொடுத்தால்தான் குட்டு உடையும், ஒற்றை ஐ-யோடு நின்றுவிடும். ஆகவே சோதிக்கும்போது 3888-ஐ விட்டுவிடாதீர்கள். 3999 வரையுள்ள எண்களிலேயே அதிக எழுத்துகள் எடுப்பது அதுதான், மொத்தம் 15: எம்எம்எம்-டிசிசிசி-எல்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்-விஐஐஐ. பூஜ்யத்தையும் கொடுத்துப் பாருங்கள். வெறும் சரம் வரும், ஏனென்றால் அந்த ஏழு எழுத்துகளில் பூஜ்யத்துக்கு இடமில்லை. 0, எதிர்மறை எண், 3999-க்கு மேற்பட்டது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே நிறுத்திப் பிழை என்று சொல்வதுதான் முறை.

விதியைப் பட்டியலில் வைத்ததன் பலன் இன்னொரு இடத்தில் தெரியும். ரோம எண் போட்ட பல கடிகாரங்களில் 4 மணிக்கு ஐவி இருக்காது, நான்கு குச்சிகள் இருக்கும். ஆனால் 9 மணிக்கு ஐஎக்ஸ்தான். நம் பட்டியலிலிருந்து ‘4 ஐவி’ என்ற ஒரே ஒரு வரியை நீக்கிவிட்டு ஓட்டினால் அந்தக் கடிகாரம் அப்படியே வந்துவிடும். ரோம் நகரக் கொலோசியத்தின் 44-ஆம் வாசலில் எக்ஸ்எல்-ஐஐஐஐ என்று செதுக்கியிருக்கிறார்கள். 40-க்குக் கழித்தல், 4-க்கு நான்கு குச்சி. அதுவும் இதே பட்டியலின் விடைதான். கழித்தல் விதியைப் பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரோமானியர்கள் அவ்வளவு கறாராக இருக்கவில்லை. இஃப்களால் கட்டிய புரோகிராமில் இந்த மாற்றத்தைச் செய்ய எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தால் பட்டியலின் அருமை புரியும்.

சரி, பட்டியலை மாற்றினால் எந்த எண்முறைக்கும் போய்விடலாமா? பெங்களூரில் ஆட்டோக்களின் நம்பர் பிளேட்டிலும் சில பஸ் போர்டுகளிலும் கன்னட இலக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு லூப்பே கிட்டத்தட்ட வேண்டாம். கன்னட எண்களும் இட மதிப்பு முறைதான். 3 இருக்கும் இடத்தில் கன்னட மூன்று, 5 இருக்கும் இடத்தில் கன்னட ஐந்து என்று மாற்றினால் முடிந்தது.

நம் பழைய தமிழ் எண்முறைதான் சவாலானது. கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் வரும் முறையைச் சொல்கிறேன். ௧ முதல் ௯ வரை இலக்கங்கள், அப்புறம் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 1994 என்பது ௲௯௱௯௰௪. வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுத்தும் போகிறது: ஆயிரம், ஒன்பது நூறு, ஒன்பது பத்து, நான்கு. ரோம எண்ணில் சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்கிறோம், அதனால் ஐஎக்ஸ் 9. தமிழில் பெருக்குகிறோம், அதனால் ௯௰ 90. 300-க்கு ௱ குறியை மூன்று முறை ஒட்டும் நம் லூப் இங்கே உதவாது, ௩௱ வேண்டும். திரும்பத் திரும்பக் கழிப்பதை விட்டுவிட்டு வகுக்க வேண்டும்.

தமிழ்எண் (எண்):
    1000 ௲, 100 ௱, 10 ௰ என்ற ஒவ்வொன்றுக்கும்:
        தடவை = எண்ணை மதிப்பால் வகுத்த முழு ஈவு
        தடவை 1-ஐவிடப் பெரியது என்றால் தமிழ்எண் (தடவை) ஒட்டு
        தடவை 0 இல்லையென்றால் குறியை ஒட்டு
        எண் = வகுத்த மீதி
    எண் 0 இல்லையென்றால் அதன் இலக்கத்தை ஒட்டு

நான்காவது வரியைக் கவனியுங்கள். புரோகிராம் தன்னையே கூப்பிடுகிறது, ரிகர்ஷன். 25,000 கொடுத்தால் ஆயிரத்தின் தடவை 25. அதைத் தன்னிடமே கொடுத்து ௨௰௫ என்று வாங்கிக்கொண்டு, பின்னால் ௲ சேர்க்கிறது: ௨௰௫௲. ஒரு லட்சத்துக்குத் தடவை 100, ஆக ௱௲. பத்து லட்சம் ௲௲, ஒரு கோடி ௰௲௲. இதே வடிவங்களைத்தான் அந்த முறையில் எழுதினார்கள். ரோம எழுத்துகள் 3999-இல் மூச்சுவாங்குகின்றன, அதற்கு மேல் போக எழுத்தின் தலையில் கோடு போட்டு ஆயிரத்தால் பெருக்கும் வழக்கம் இருந்தது. தமிழில் பெருக்கல் முதலிலிருந்தே உள்ளே இருக்கிறது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சரத்தை எண்ணாக மாற்றும் பைத்தானின் இன்ட், ‘௨௫’ என்ற சரத்தைக் கொடுத்தால் 25 என்று சரியாகப் படிக்கும். ‘௨௰௫’ கொடுத்தால் பிழை என்று சொல்லிவிடும், ஏனென்றால் கணினிகளின் பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் ௧ முதல் ௯ வரை இலக்கங்களாகவும், ௰, ௱, ௲ மூன்றும் இலக்கமல்லாத எண்களாகவும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பழைய முறையில் எழுதியதைத் திரும்ப எண்ணாகப் படிக்கும் புரோகிராமையும் நீங்களேதான் எழுத வேண்டும். அதை எழுதியதும் ஒவ்வொரு எண்ணையும் தமிழாக்கி, மறுபடி எண்ணாக்கி, பழையதே வருகிறதா என்று ஒரு லூப்பில் ஓட்டிவிடுங்கள். 10, 11, 20, 100, 101, 110, 1100 இவற்றை மட்டும் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். முன்னால் தேவையில்லாத ௧ வந்து உட்காருவது இந்த இடங்களில்தான்.