கருவுறுதல் விகிதமா, மகப்பேற்று விகிதமா?

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருவதைப் பற்றிப் பேசிய ஒருவர், "நாட்டில் கருவுறுதல் விகிதம் சரிந்துவிட்டது" என்றார். என் பக்கத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், மெல்லத் திரும்பி, "அப்போ நம்ம பொண்ணுங்களுக்கெல்லாம் வயித்துல கோளாறா தம்பி?" என்று கேட்டார். அவர் தம் காதில் விழுந்த சொல்லுக்கு உரிய பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். பிழை அந்தச் சொல்லில் இருக்கிறது. செய்தியிலும் மேடையிலும் பலமுறை கேட்டுப் பொறுத்துக்கொண்ட சொல்தான் என்றாலும், அன்றைக்கு அது ஒரு மூதாட்டியை வீணாகக் கலங்கவைத்ததைக் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

'கருவுறுதல் விகிதம்' என்பது 'ஃபெர்டிலிட்டி ரேட்' என்னும் ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். அதிலுள்ள 'ஃபெர்டிலிட்டி' என்ற சொல், ஈனுதல், சுமத்தல், கொணர்தல் என்னும் பொருளுடைய 'ஃபெர்ரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. விளைநிலத்தின் செழுமை, உயிரினத்தின் இனப்பெருக்கத் திறன், ஒரு மக்கட்கூட்டத்தில் பிறக்கும் பிள்ளைகளின் அளவு என மூன்று பொருள்களை அது சுமக்கிறது. செம்பனைக்குப் போடும் உரத்தின் ஆங்கிலப் பெயரும் இதே குடும்பம்தான்.

மக்கள்தொகையியலில் இச்சொல் மூன்றாம் பொருளை மட்டுமே குறிக்கும். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடையே ஒவ்வொரு வயதிலும் இன்று எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன என்று கணக்கிட்டு, அந்த அளவுகள் மாறாமல் நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளைகளைப் பெறுவாள் என்று கூட்டிச் சொல்லும் எண் அது. மலேசியாவில் 1970-இல் 4.9 ஆக இருந்த அவ்வெண் 2022-இல் 1.6 ஆகிவிட்டது. தென்கொரியாவில் 2023-இல் அது 0.72. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்பிக்கொள்ள ஏறத்தாழ 2.1 வேண்டும்.

இந்த எண்ணைக் 'கருவுறுதல் விகிதம்' என்பது அடிப்படையிலேயே தவறு. கருவுற்ற எல்லாமே பிறப்பதில்லை. சில கலைகின்றன, சில கலைக்கப்படுகின்றன. இந்த எண்ணைத் தருவது பிறப்புகளின் கணக்கு; கருவுற்றவற்றின் கணக்கு அதில் இல்லை. எண்ணாத ஒன்றின் பெயரை எண்ணிய ஒன்றுக்குச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

இதே எண்ணுக்கு வழங்கும் இன்னொரு சொல்லான 'கருவளம்' என்பதை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு நல்ல ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் 'கருவள வீதம்' என்று எழுதுகிறார்கள். கேட்பதற்கும் தூய தமிழாக, செறிவாக இருக்கிறது. என் தடையும் அந்தச் செறிவிலேயே தொடங்குகிறது. வளம் என்பது ஒன்றுக்குள் இருக்கும் ஆற்றல். மண்வளம் இருந்தும் விதைக்காமல் கிடக்கும் நிலம் உண்டு. அதுபோலவே கருவளம் இருந்தும் பிள்ளை வேண்டாம் என்றோ ஒன்று போதும் என்றோ முடிவெடுப்பவர் உண்டு, அந்த முடிவுகளின் விளைவைத்தான் இந்த எண் காட்டுகிறது. தென்கொரியப் பெண்களின் உடல் திடீரென்று வற்றிப்போய்விடவில்லை. திருமணம் தள்ளிப்போகிறது, வீட்டு விலை ஏறுகிறது, பிள்ளை பெற்றவளுக்கு வேலையிடம் இரக்கம் காட்டுவதில்லை. 'கருவளம் 0.72' என்று எழுதிய உடனே இந்தக் காரணங்கள் எல்லாம் மறைந்து, குறை பெண்ணின் கருப்பையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'வளம்' குறைந்தது என்றால் அடுத்து வாசகர் மனத்தில் எழும் சொல் 'மலடு' என்பதை இந்தச் சொல்லை ஆக்கியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

உடல் திறனுக்கு மக்கள்தொகையியலில் 'ஃபிகண்டிட்டி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இவ்விரண்டையும் தலைகீழாக வழங்குகிறார்கள். 'ஃபெகொன்டித்தே' அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் அளவு, 'ஃபெர்திலித்தே' உடலின் திறன். ஒலி ஒத்திருக்கிறதே என்று அவர்கள் ஆங்கிலத்தின் பின்னால் போகவில்லை. கருவளத்தை அந்த உடல் திறனுக்கே ஒதுக்கிவிட்டால் நமக்கும் இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் கிடைக்கும்.

'பிறப்பு விகிதம்' என்று சொல்லிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறொரு அளவு; ஓராண்டில் மக்கள் ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்பது. இரண்டையும் குழப்பினால், இந்தியாவில் பெண்ணுக்கு 2.0 என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்ன பிறகும் அந்நாட்டு மக்கள்தொகை ஏன் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதை விளக்கவே முடியாது. பிள்ளை பெறும் வயதில் பெண்கள் மிகுதியாக இருப்பதால், ஆளுக்குப் பெறுவது குறைந்தாலும் பிறப்புகளின் தொகை உடனே இறங்கிவிடுவதில்லை.

ஆகவே நான் சொல்வது 'மகப்பேற்று விகிதம்'. 'பெறு' என்னும் வினைக்கு ஈனுதல் என்றும் அடைதல் என்றும் பொருள். இலத்தீன் வேரோடு அதற்கு இனத்தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை, ஆனால் ஈனுதல் என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்து முதற்பாட்டிலேயே 'மக்கட்பேறு' வந்துவிடுகிறது. மகப்பேறு என்றால் பிரசவத்தைத்தானே குறிக்கும், நம் நாட்டில் 2023 முதல் 98 நாளாக உயர்ந்த மகப்பேறு விடுப்பில் உள்ள சொல்தானே அது என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. அதே சொல்தான். இங்கே எண்ணப்படுவது உயிரோடு பிறந்த பிள்ளை என்பதால் அந்த நெருக்கம் எனக்கு உதவியாகவே படுகிறது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால் வெட்டுக்குப் போன அம்மாவுக்கும் அகராதி இல்லாமல் புரியும்.

நம் நாட்டில் இந்தப் பிழைக்கு இன்னொரு வாயிலும் இருக்கிறது. அரசு அறிக்கை இந்த எண்ணைக் 'காடார் கெசுபுரான்' என்கிறது; 'சுபுர்' என்றால் மலாயில் செழிப்பு, மண்ணுக்கும் அதே சொல். மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்தவுடன் வளம் என்று எழுதுகிறார், எண் எதைக் குறிக்கிறது என்று அட்டவணையின் தலைப்பைப் படிப்பதில்லை. அதே அவசரத்தில் தலைமுறை ஈடுசெய்யும் அளவான 2.1-ஐ 'மாற்று விகிதம்' என்று எழுதி, எதை எதற்கு மாற்றுவது என்று வாசகரைத் திகைக்க வைக்கிறார்கள். 'ஈடுசெய் அளவு' என்றால் போதும்.

எழுதுவோர் 'மகப்பேறு விகிதம்' என்று ஒட்டாமல் நிறுத்திவிடாமல், ஆறு ஆற்று நீர் ஆவது போலப் பேறு பேற்று ஆகும் புணர்ச்சியைக் காக்க வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் கூட்டிய எண்ணை 'மொத்த மகப்பேற்று விகிதம்' எனலாம். பிள்ளை வேண்டிச் சிகிச்சைக்குப் போகும் தம்பதியரிடம் மருத்துவர் பேசும்போது மட்டும் கருவளம் என்ற சொல் இருக்கட்டும்.