வெருட்சி

மீன்தொட்டிக் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே நிற்கும் மீன் சட்டென்று வளைந்து வேறு பக்கம் பாய்ந்துவிடும். நரம்பியலில் இதற்கு 'ஸ்டார்ட்டில்' என்று பெயர். 'திடுக்கிடல்' என்று எழுதலாம்தான். ஆனால் திடுக்கிட்டவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார், மீன் அப்படி இருப்பதில்லையே! பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு உதைத்தல், திமிறுதல் என்றே பொருள். அச்சம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

என் ஓட்டு 'வெருட்சி'க்கு. வெரு என்றால் அச்சம். வெருண்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இலங்கையில் 'வெருட்டாதே' இன்றும் வீட்டுப் பேச்சு. அதைவிடப் பெரிய சாட்சி, ஓரம்போகியார் பாடிய குறுந்தொகை 127. குருகிடம் (கொக்கு போன்ற நீர்ப்பறவை) தப்பி நீருக்குள் மூழ்கிய கெண்டை, பக்கத்தில் நிற்கும் தாமரை மொட்டைக் கண்டு 'வெரூஉம்'. ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீனும் கெண்டைக்கு உறவுதான்.

பொரித்துச் சில நாளே ஆன, 4 மில்லிமீட்டர் நீள ஜீப்ரா மீன் குஞ்சுக்கே வெருட்சிக்கான நரம்புச்சுற்று தயார். பின்மூளையில் இடமும் வலமுமாக இரண்டு பெரிய நரம்புச் செல்கள். 1859இல் லுட்விக் மௌத்னர் விவரித்ததால் மௌத்னர் செல்கள். இடப்பக்கம் சத்தம் கேட்டால் இடது செல் ஒரே ஒருமுறை துடிக்கும். அதன் இழை எதிர்ப்பக்கம் கடந்து முதுகுத்தண்டில் இறங்குவதால், சுருங்குவது வலப்பக்கத் தசை. உடல் ஆங்கில 'சி' எழுத்தாக வளைந்து வலப்பக்கம் பாயும். வளைவு தொடங்கச் சுமார் 10 மில்லிவினாடிதான்.

வெளிச்சம் திடீரென்று அணைந்தால் கதை வேறு. சில நூறு மில்லிவினாடி கழித்து, குஞ்சு 'ஓ' போல வளைந்து திரும்பும். மௌத்னர் செல்களை அழித்தாலும் இது நடக்கிறது. ஆகவே இதை வெருட்சியில் சேர்க்காமல் 'இருள்திருப்பம்' என்று தனியாக அழைப்பதே சரி. திரையில் ஒரு கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தால் மட்டும் செய்தி கண்ணிலிருந்து நடுமூளை வழியே போய், குஞ்சு நிஜமாகவே வெருண்டு ஓடும். குருகு நெருங்குவதும் அதன் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்.

அப்புறம், 'ரிஃப்ளெக்ஸ்'. நம் பாடநூல்களில் அனிச்சைச் செயல், இலங்கையில் தெறிவினை. முன்னது இச்சை இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. தெறிவினையில் சுண்டிய நாணின் வேகம் இருக்கிறது. நான் 'வெருட்சித் தெறிவினை' என்றே எழுதுகிறேன்.