ஒன்ராறியோவில் பிள்ளைகள் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் வேண்டுமா?

பனி கரைந்து ஏரிக்கரைப் பக்கம் ஆட்கள் நடமாடத் தொடங்கியதும் ஸ்காபரோவில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பதில் நல்ல பதில்தான். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. 65 வயதோ அதற்கு மேலோ ஆன அப்பப்பா, அம்மம்மாவுக்கும் அப்படியே. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள ஆவணம் கையில் இருந்தால், சட்டப்படி அதுவே அவர்களுடைய அனுமதிப்பத்திரம். ஆகவே அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; கரையில் சோதிக்க வரும் அதிகாரி கேட்பார்.

சிக்கல் பெரும்பாலும் பிள்ளையால் வருவதில்லை, கூடப்போகும் அப்பா அம்மாவால்தான் வருகிறது. பிள்ளைக்கு மண்புழு கோர்த்துக் கொடுத்துப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது வேறு. தூண்டிலை வாங்கி நீங்களே எறிந்து பிடிக்கத் தொடங்கினால், மீன் பிடிப்பவர் நீங்கள்தான். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக மாகாணம் தரும் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டையும் அதற்குரிய அனுமதிப்பத்திரமும் வேண்டும். கார்ட் மூன்று வருடத்துக்குச் செல்லும். ஒரே ஒரு நாள் போகிறீர்கள் என்றால், கார்ட் இல்லாமலே ஒருநாள் அனுமதிப்பத்திரம் வாங்கலாம். இன்னொன்று: விதிவிலக்கு சொல்லப்பட்ட இடங்களைத் தவிர ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். குழந்தை தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருக்க, அதன் கணக்கில் இரண்டாவது தூண்டிலை நீங்கள் போட்டு வைக்க முடியாது.

அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்றால் விதிகளும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பருவம், எண்ணிக்கை, அளவு எல்லாம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயத்தில் வருகிறது. அங்கே ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய பாஸ் மீன், ஸ்போர்ட் என்ற வகை அனுமதியில் 6, கட்டணம் குறைந்த கன்சர்வேஷன் என்ற வகையில் 2. பிள்ளைகளுக்கு ஸ்போர்ட் கணக்கு. ஆனால் தெற்கில் வசந்தகாலத்தில் பாஸ் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அந்தப் பருவம் யூனில்தான் திறக்கும். அதற்குமுன் தவறிச் சிக்கினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பழகும் சின்னப் பிள்ளைக்கு சன்ஃபிஷ், பெர்ச் போன்ற சின்ன மீன்கள் போதும் என்பது என் கருத்து. தெற்கில் பல இடங்களில் இவற்றை வருடம் முழுவதும் பிடிக்கலாம், தூண்டிலையும் இலகுவில் கடிக்கும். பிள்ளைக்குப் பொறுமை போய்விடுவதற்குள் ஒரு மீன் சிக்க வேண்டும் அல்லவா?

விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திருக்கும் மச்சான் பிள்ளைகள் விஷயம் வேறு. கனடாவில் வசிக்காத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்து தூண்டில் போடலாம். ஆனால் அந்தப் பிள்ளை வைத்துக்கொள்ளும் மீன் அவருடைய கணக்கில்தான் சேரும். மாமாவிடம் கன்சர்வேஷன் அனுமதி என்றால் இருவருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு பாஸ். தனிக் கணக்கு வேண்டுமானால் பிள்ளைக்குத் தனி அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும்.

செலவு செய்யாமல் பெரியவர்களும் சேர்ந்து பிடிக்க வழி இருக்கிறது. பெப்ரவரியில் ஃபமிலி டே, மே மாதம் அன்னையர் தினம், யூனில் தந்தையர் தினம் ஆகிய வாரஇறுதிகளிலும் கோடையில் ஒரு வாரமும் கனடாவில் வசிக்கும் எவரும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீன் பிடிக்கலாம். அடையாள ஆவணம் வேண்டும், அந்த நாட்களில் பெரியவர்களுக்குக் கன்சர்வேஷன் எண்ணிக்கைதான். தூண்டில் இல்லையா? டாக்கிள்ஷேர் என்ற திட்டத்தில் சில பொது நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் புத்தகம்போல இலவசமாக இரவல் தருகிறார்கள். விலைகூடிய தூண்டிலை வாங்கி, அது பிறகு கராஜில் கிடப்பதைவிட, முதலில் இரவல் எடுத்துப் பாருங்கள்.

திரும்பும்போது மிஞ்சிய இரையை ஏரியில் கொட்டவே கூடாது. கரையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டினாலும் குற்றம். இரைவாளித் தண்ணீரோடு வேற்று மீனினமும் நோயும் ஏரிக்குள் போய்விடும்.

அப்புறம், பதின்மூன்று வயதில் பழகிய பிள்ளைக்கு 18 ஆகும் நாளையும் நினைவில் வையுங்கள். அன்றிலிருந்து அவர் தூண்டில் எடுக்க வேண்டுமானால் தன் பெயரில் கார்டும் அனுமதிப்பத்திரமும் எடுத்தாக வேண்டும்.