தாலேட்: நெகிழியாக்கியா, நெகிழ்வூட்டியா?

ஜூன் மாதம் மழை தொடங்கிய வாரம், அக்கா தாதர் மார்க்கெட்டில் பையனுக்கு ஒரு ரெயின்கோட் வாங்கி வந்தாள். பாக்கெட்டைப் பிரித்ததுமே குப்பென்று வாடை. "ஏதோ தாலேட்டுன்னு சொல்றாங்களே, அது இதுல இருக்குமாடா?" என்று கேட்டாள். மும்பையில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். விறைப்பான பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் ஒருவகை எண்ணெய்தான் தாலேட். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல். சிலர் பித்தாலேட் என்று எழுதுகிறார்கள், உச்சரிப்பு தாலேட்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் முன்னால் சத்தமில்லாமல் நிற்கும் எழுத்துகளுக்கு ஒரு கதை உண்டு. பீரோவில் துணிக்கு நடுவே போடுகிற அந்துருண்டை இருக்கிறதே, அதுதான் நாப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்து வந்த அந்தப் பொருளுக்கு 1821இல் ஜான் கிட் வைத்த பெயர் அது, நாப்தா என்ற பழைய கிரேக்கச் சொல்லை ஒட்டி வைத்தது. 1836இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் லோராங் நாப்தலீனை ஆக்சிஜனேற்றம் செய்து ஓர் அமிலம் எடுத்தார். அதன் பெயரில் இருந்த 'நா' பிற்பாடு உதிர்ந்துபோய் ப்தாலிக் அமிலம், அதாவது தாலிக் அமிலம், மிஞ்சியது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் காரத்தோடு சேர்ந்து இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீனும் இதே குடும்பம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தாலிக் அமிலத்தின் உப்புக்கும் தாலேட் என்றுதான் பெயர், அந்த அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்து உண்டாகும் எஸ்டருக்கும் தாலேட் என்றுதான் பெயர். அமில, காரத் தன்மையை அளக்கும் பி.ஹெச். மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் 4.01 கரைசலில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், அது உப்பு. செய்தியில் அடிபடுவது எஸ்டர்கள். டைபியூட்டைல் தாலேட் நிறமில்லாத எண்ணெய் மாதிரித் திரவம், கிட்டத்தட்ட 340 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பிலும் கரைப்பான்களிலும் தாராளமாகக் கரையும். இன்னொன்று டி.இ.ஹெச்.பி., அதாவது டை-எத்தில்ஹெக்ஸைல் தாலேட். வியாபாரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.ஓ.பி. ஆயில் என்பார்கள்.

தாராவி பதிமூணு காம்பவுண்டில் சித்தப்பா பங்கார் வேலை, அதாவது பழைய சாமான் வேலை, பார்க்கிறார். பழைய தோட்டத்து டியூப் ஒன்றை என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். படக்கென்று வெடித்தது. "ஆயில் இறங்கிப்போச்சு, அதான்" என்றார். டியூப் செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பான பொருள். அதன் மூலக்கூறுகள் நீளச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே தாலேட் புகுந்து உட்கார்ந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும், பொருள் வளையும். ஆனால் தாலேட் எதோடும் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. சும்மா கலந்து இருக்கிறது. அதனால் வெயில் பட, எண்ணெய் பட, வருஷம் ஆக ஆக, வெளியே கசிகிறது.

இப்படி வளைய வைக்கும் பொருளை ஆங்கிலத்தில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். அதைத் தமிழில் நெகிழியாக்கி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாலேட் எதையும் நெகிழியாக ஆக்குவதில்லை, ஏற்கனவே நெகிழியாக இருப்பதற்கு நெகிழ்வைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்தால் தலைவிக்குத் தோள் நெகிழும், வளை கழலும். இறுக்கம் விட்டுத் தளர்வதுதான் நெகிழ்தல். ஆகவே நெகிழ்வூட்டி. வெளியிலிருந்து ஊட்டியது என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஆய்வகத்தில் இதற்கு நல்ல வேலைகளும் உண்டு. நோய்க்குறியியல் ஆய்வகங்களில் திசு ஸ்லைடின் மேல் கவர் ஸ்லிப்பை ஒட்டுகிற டி.பி.எக்ஸ். பிசினில் டைபியூட்டைல் தாலேட் இருக்கும், பிசின் காய்ந்து வெடிக்காமல் இருக்க. மருந்துத் தொழிற்சாலைகளில் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு இன்றைக்கும் டி.ஓ.பி. டெஸ்ட் என்றுதான் பேச்சு, பல இடங்களில் எண்ணெய் மாறிவிட்டாலும்.

எங்களுக்கோ அது பெரிய தொல்லை. மூலக்கூறுத் துண்டுகளை எடை பார்த்துப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், தாலேட்டின் அடையாளமான 149 என்ற இடத்தில் ஒரு பீக் எழுந்தால், மாதிரியைச் சந்தேகிக்கும் முன்னால் எங்கே பிளாஸ்டிக் பட்டது என்று தேடுவோம். ஒருமுறை இரண்டு நாள் வேலை முழுக்க இப்படிக் கெட்டுப்போனது, காரணம் ஹெக்ஸேன் என்ற கரைப்பான் போன பாதையில் யாரோ மாட்டிய ஒரு சாண் நீள பி.வி.சி. டியூப். அப்புறம் கண்ணாடி, டெஃப்லான் தவிர வேறெதையும் நான் கரைப்பான் பக்கம் விடுவதில்லை.

சரி, உடம்புக்கு? ஒரு முறை தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது. உடனடி நச்சுத்தன்மை குறைவு, உடம்பு உடைத்துச் சிறுநீரில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு நாளில் தள்ளிவிடும். சிக்கல், தினமும் வந்துகொண்டே இருப்பதுதான், முக்கியமாக உணவு வழியாக. கருவில் இருக்கும் ஆண் எலிக்குட்டிகளில் இவை டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்து இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைக் கெடுத்தது பல ஆய்வுகளில் உறுதியானது. டி.இ.ஹெச்.பி., டைபியூட்டைல் தாலேட் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்கத்துக்குக் கேடான பொருள்களாக வகைப்படுத்தியிருக்கிறது, பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. டி.இ.ஹெச்.பி., உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவிலும் இருக்கிறது. பச்சிளம் ஆண் குழந்தைகளின் சிகிச்சையில் டி.இ.ஹெச்.பி. இல்லாத மாற்றுக் குழாய்களை யோசிக்கச் சொல்லி 2002இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. அதே பொருள் இரத்தப் பையில் சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கவும் செய்கிறது, அதனால் அங்கிருந்து அதை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

அக்காவிடம் சொன்னது இதுதான். அந்த வாடை தாலேட் வாடை இல்லை, தாலேட்டுக்கு வாடையே இல்லை என்றுகூடச் சொல்லலாம், ஆகவே வாடை போனால் ஆபத்து போனது என்று நினைக்காதே. பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்கு. சூடான சாம்பாரை மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காதே. பையனோ ரெயின்கோட்டின் கழுத்துக் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். மறுநாளே கடையில் மாற்றி, நைலான் துணியில் ஒன்று எடுத்து வந்தோம்.