முகப்பரு மாத்திரையும் மீன் கருவும்

ஜீப்ரா மீன் கரு வளர 28.5 டிகிரி வேண்டும். வேலூரின் சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. அதனால் எங்கள் ஆய்வகத்தில் முட்டைகள் இன்குபேட்டரை விட்டு வெளியே வருவதே குறைவு. கடுகளவு முட்டை, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இன்று காலை இட்ட முட்டையில் நாளைக் காலை தலை, கண், வால் இருக்கும், இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும்.

அந்த ஒரு நாளுக்குள் செல்கள் ஒன்றுக்கொன்று விடாமல் செய்தி அனுப்புகின்றன. பின்மூளையில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்வது ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ-யிலிருந்து கருவே இதைத் தயாரிக்கிறது. ஒரு பக்கம் அமிலம் உருவாகும்போதே இன்னொரு பக்கம் ஒரு நொதி அதை உடைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கூடுதல் குறைச்சலை வைத்துத்தான் செல் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. ஆரம்ப மணி நேரங்களில் தண்ணீரில் இந்த அமிலத்தைச் சேர்த்துவிட்டால், எல்லாச் செல்லுக்கும் ஒரே செய்தி போகும். மூளையின் முன்பகுதி சுருங்கும், இதயம் சரியாக வளையாது.

மனிதக் கருவிலும் இதே அமிலம்தான். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் அதன் நெருங்கிய சொந்தம். நம் பக்கம் முகூர்த்தத்துக்கு முன்னால் முகம் தெளியட்டும் என்று, யாருக்கோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடும் பெண்களைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. நாள் தள்ளிப்போய்ப் பத்து நாள் கழித்துத்தான் பலர் பரிசோதிக்கிறார்கள். அதற்குள் கருவின் இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும். காது, இதயம், மூளை எல்லாவற்றிலும் இந்த மருந்து குறை உண்டாக்கும்.

மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கரு தரிக்கக் கூடாது. தெரியாமல் தரித்துவிட்டால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரையையும் கேரட்டையும் ஒதுக்க வேண்டாம். அவற்றிலிருந்து உடம்பு தேவைக்குத்தான் வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளும். ஃபோலிக் அமில மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் அசிட்ரெட்டினும் இதே குடும்பம். ஆனால் அதற்கு ஒரு மாதக் கணக்கு செல்லாது: நிறுத்திய பிறகு 3 வருடம் காத்திருக்க வேண்டும்.