மக்களவையில் பாஸ் ஆனால் நாளைக்கே சட்டமா?

நாமக்கல்லில் வக்கீல் தொழில் பார்ப்பவனிடம் லாரிக்காரர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். 2024 ஜூலை முதல் வாரம் ஒரு டிரைவர் அண்ணன் வந்தார், இருபது வருடமாக நாக்பூர், இந்தூர் என்று லோடு அடிப்பவர். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ ஒன்று. ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போனால் பத்து வருட ஜெயில், ஏழு லட்சம் அபராதம், மக்களவையில் பாஸ் ஆகிவிட்டது, ஒன்றாம் தேதியிலிருந்து அமல் என்று ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார்.

"ஏனுங்க சார், ஓனர்கிட்ட சாவியக் குடுத்துட்டு வந்துரட்டுங்களா?" என்றார்.

அந்த ஆடியோவை முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கலே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதன் மசோதா 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். 106(2) உட்பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை என்று இருப்பதும் உண்மை: கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் சாகக் காரணமாகி, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே சொல்லாமல் ஓடிப்போனால். அபராதமும் உண்டு, ஆனால் ஏழு லட்சம் என்ற தொகை அந்தப் பிரிவில் எங்கேயும் கிடையாது.

ஆடியோக்காரர் விட்ட இடம் வேறு. 2024 ஜனவரி தொடக்கத்தில் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. லாரி உரிமையாளர் சங்கத்தோடு கலந்து பேசாமல் அந்த உட்பிரிவைக் கொண்டுவர மாட்டோம் என்று உள்துறைச் செயலர் சொன்னார். பிப்ரவரியில் அரசிதழில் வந்த அறிவிக்கை, சன்ஹிதா ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும், 106(2) நீங்கலாக, என்றது. அந்த "நீங்கலாக" என்ற ஒரு சொல்தான் அண்ணனின் சாவியைக் காப்பாற்றியது.

பாஸ் ஆன சட்டத்தில் ஒரு துண்டை மட்டும் அரசு எப்படி எடுத்துவைக்கலாம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சட்டத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள், யாரும் படிக்காமல் தாண்டிப் போகும் பிரிவு 1 இருக்கும். சட்டத்தின் பெயருக்குப் பிறகு, மத்திய அரசு அரசிதழில் குறிக்கும் தேதியில் இது நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம் என்று ஒரு வரி. எல்லாச் சட்டத்திலும் இப்படி இருக்காது, பலவற்றில் இருக்கும். அந்த வரிக்குக் கையைத் தூக்குவதும் மக்களவைதான். அதாவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய 543 பேரும், எப்போது என்பதை அரசிடமே விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் எவ்வளவு நாள் கிடக்கும்? 1978-இல் வந்த 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில், தடுப்புக் காவல், அதாவது குற்றம் செய்யும் முன்பே ஒருவரை விசாரணையின்றி அடைத்துவைப்பது, பற்றிய பிரிவு 3-க்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்கள். தேதி குறி என்று அரசுக்கு உத்தரவிட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அவ்வளவு தூரம் வேண்டாம், ஊதியச் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் எத்தனை ஏப்ரல் மாதம், "அடுத்த மாதத்திலிருந்து கையில் வரும் சம்பளம் குறையுமாமே" என்று எனக்கு போன் வந்திருக்கிறது தெரியுமா? மில் வேலைக்காரர், ஸ்கூல் டீச்சர், என் மச்சான் உட்பட.

இன்னொரு வகை இதைவிட மோசம், அங்கே மசோதா பாஸ்கூட ஆகியிருக்காது. ஆபீஸ் நேரம் முடிந்தபின் மேனேஜர் போனை எடுக்காமல் இருக்க உரிமை தரும் மசோதாவை சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் கொண்டுவந்தார். 2019-இல் அவை கலைந்ததோடு அது காலாவதி ஆனது. 2025 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார். ஒரு ஐடி பையன் அதை நம்பி மேனேஜரை பிளாக் செய்துவிட்டு, மெமோ வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தம்பி, அது தனிநபர் மசோதா, அமைச்சர் அல்லாத எம்.பி. யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், அறிமுகம் ஆனதோடு பெரும்பாலும் நின்றுவிடும், 1952-இலிருந்து சட்டமானவை பதினான்கே, கடைசியாக ஆனது 1970-இல் என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன், ஃபீஸ் வாங்கவில்லை.

அதனால் இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால் முதலில் அது மசோதாவா சட்டமா என்று பாருங்கள். 'அறிமுகம்' என்றால் பேச்சு தொடங்கியிருக்கிறது. 'மக்களவையில் நிறைவேறியது' என்றால் மாநிலங்களவையும் ஒப்புதலும் பாக்கி. 'ஒப்புதல் கிடைத்தது' என்றாலும் பிரிவு 1-ஐப் பாருங்கள். மத்திய அரசின் சட்டங்கள் இருக்கும் இந்தியா கோடு இணையதளத்தில் சட்டத்தின் பெயரைத் தட்டினால் நடைமுறைக்கு வந்த தேதி இருக்கும், சந்தேகம் தீராவிட்டால் அரசிதழின் இணையதளமான இ-கெஜட்டில் அறிவிக்கையையே இறக்கிப் படிக்கலாம். இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் கிடைக்கும், என்ன செய்வது.

அண்ணனுக்கும் அந்த அறிவிக்கையைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்து, ஆர்.சி., இன்சூரன்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைக்கப் போனார். ஒரு நிமிடம் என்று திரும்ப வாங்கினேன். 106(2) வரவில்லை என்றால் ஓடிப்போகலாம் என்று அர்த்தமில்லை. 106(1) அமலில் இருக்கிறது, பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்த சிறை அதில் ஐந்து ஆண்டு வரை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமாகப் போய்ச் சொல்ல வேண்டும். பிரிண்டின் பின்பக்கம் '134' என்று எழுதி, கீழே '24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷன்' என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தேன்.